நாலாவது தலை

கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போய், மினர்வா எஞ்சினை அணைத்த அடுத்த நொடி, மஞ்சள் பஸ்ஸின் பின்கோடியில் ஒரு கூப்பாடு கிளம்பும். பூனையின் வாலை மிதித்த மாதிரி. டிரைவர் எழுந்து கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய் அங்கே இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் அது அடங்கும். எந்தச் சீட்டிலாவது ஒரு பிள்ளை தூங்கிப்போய் விடுபட்டுவிடக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு. மற்ற டிரைவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் அமுக்கிவிட்டு ஓடி வருவார்கள். மினர்வா ஓட மாட்டாள். பந்தி விசாரிக்கப் போகிறவள் மாதிரி நிதானமாகப் போவாள். ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ஒரு தட்டு. குனிந்து அடியில் ஒரு பார்வை. "இல்ல. இங்க இல்ல. இங்கயும் இல்ல. இது யாரு கையுறை, ஒத்தக் கையுறை, இன்னொரு கைய வீட்டுலயே வெச்சுட்டு வந்தானா?" பஸ் பாட்டுக்கு அலறும். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவாள்.

காலையில் ஏற்றும்போதும் அப்படித்தான். ஏறுகிற ஒவ்வொரு தலையிலும் ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு எண். "ஒண்ணு. தொப்பி எங்கடா? ரெண்டு. மூக்கத் தொட. மூணு. உங்கம்மா ஏன் இன்னும் ஜன்னல்ல நிக்கிறா, வேலைக்கு லீவா? நாலு." தட்டு வாங்காமல் ஏறிவிட்ட பிள்ளை தானாகவே இறங்கி வந்து தலையைக் காட்டும். மினர்வாவின் கை பட்டால்தான் அன்றைக்குக் கணக்கில் சேர்த்தி என்று அதுகளுக்கு ஒரு நம்பிக்கை.

அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. லாரன்ஸ் என்கிற ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மூன்று மாடி மரவீடு ஒன்றில் நடு மாடியில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சங்கோச்சோ கொதிக்கும். கோழி, மாடு, பன்றி, மரவள்ளி, வாழைக்காய், சோளம், எல்லாம் ஒரே அண்டாவில். வாசனை படியிறங்கித் தெருவுக்குப் போவதற்குள் ஆட்கள் படியேறி வந்துவிடுவார்கள். மேல்மாடி டெல்ஃபின், கீழ்மாடிப் புருஷன் பெண்டாட்டி, ஒன்றுவிட்ட அக்கா பெலீசியா, அவள் கூட்டி வருகிற ரெண்டு பேர், அந்த ரெண்டு பேருக்குத் தெரிந்த ஒருத்தன். மினர்வா கையில் கரண்டியோடு நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு ஊற்றுவாள். "ஒம்பது. பத்து. நீ யாருப்பா? சரி, உக்காரு, பதினொண்ணு."

ஒரு தலையை மட்டும் அவள் தொடுவதில்லை. விர்ஹீலியோவின் தலை.

அவன் அவளுடைய பழைய புருஷன். ஏழு வயசு லிஸ்பெத்துக்கு அப்பா. கடைத்தெருவில் இறைச்சி வெட்டுகிறான். சனிக்கிழமை காலை மகளைக் கூட்டிப்போக வந்து, வாசல் நிலைக்கு வெளியேயே நிற்பான். நிலை தாழ்வு, ஆள் பனைமரம். அதனால் எப்போது பார்த்தாலும் குனிந்தபடியே, ஏதோ மன்னிப்புக் கேட்க வந்தவன் மாதிரி இருப்பான். "லிஸ்பெத், பைய எடுத்துக்கோ, உங்கப்பா நிக்கிறாரு" என்று மினர்வா சுவரிடம் சொல்வாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காப்பி நல்லா மணக்குது" என்பான். "மணக்கும்" என்பாள். கோர்ட்டில் பிரித்துவிட்ட பிறகு நாலு வருஷத்தில் அவர்கள் பேசின பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது.

போன வருஷம் மினர்வா கடல் கடந்து, சொந்த ஊரான மோக்காவுக்குப் போய், பாஸ்குவாலைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தாள். பாஸ்குவால் ஆணி, பூட்டு, பெயிண்ட் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவன். மெதுவான ஆள். எதையும் வானத்தில்தான் ஆரம்பிப்பான். தினம் சாயந்தரம் போன் அடிக்கும்.

"இங்க மழை. அங்க?"

"பனி."

"ரொம்பவா?"

"முழங்கால் மட்டும்."

"நான் வந்தா வாரித் தள்றேன்."

"வா முதல்ல."

வருவதற்குத்தான் பாடு. மனு பாஸாகிவிட்டது. கல்யாணம் நிஜக் கல்யாணம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பாக்கி ஒரே ஒரு ஃபாரம். வருகிற ஆளை அரசாங்கத்தின் தலையில் கட்டாமல் நானே வைத்துக் காப்பாற்றுகிறேன், அதற்குப் போதுமான வருமானம் எனக்கு இருக்கிறது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிற ஃபாரம். அதைப் போடாவிட்டால் பாஸ்குவால் மோக்காவிலேயே மழையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஃபாரம் என்றால் எசெக்ஸ் தெரு ஒனெய்தாவிடம்தான் போக வேண்டும். வருமான வரி, விமான டிக்கெட், ஊருக்குப் பணம் அனுப்புதல், எல்லாம் ஒரே மேஜையில். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் பேசுவாள். விஷயம் எந்த அளவுக்குச் சிக்கலாகிறதோ அந்த அளவுக்கு அழுத்திச் சொல்வாள்: "ரொம்ப சிம்பிள்." அவள் வாயிலிருந்து அது மூன்றாவது தடவை வந்தால் வந்தவர்கள் சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்கள்.

"உன் வீட்டுல எத்தன பேரு?" என்றாள் ஒனெய்தா.

"என்னிக்கு?"

"என்னிக்குன்னா?"

"ஞாயித்துக்கெழமையா, மத்த நாளா அக்கா?"

ஒனெய்தா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். "ஞாயித்துக்கெழமை எத்தன?"

"பதினொண்ணு. பெலீசியா கோவிச்சுக்கிட்டு வராம இருந்தா எட்டு."

"ஒவ்வொருத்தரா சொல்லு. டெல்ஃபின் யாரு? ரத்த சம்பந்தமா?"

"சாப்பாட்டு சம்பந்தம். ஆறு வருஷமா தினம் ராத்திரி என் வீட்டுலதான் சாப்பிடறாரு."

"அவரு வெளிய."

"அய்யோ, அவருக்கு சளி அக்கா, வெளிய எல்லாம்..."

"ஃபாரத்துக்கு வெளிய. ரொம்ப சிம்பிள். பெலீசியா வெளிய. கீழ்வீட்டுக்காரங்க வெளிய. நீ, லிஸ்பெத், பாஸ்குவால். மூணு."

மினர்வா விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள், மறுபடி மடக்கினாள். "பாஸ்குவால் இன்னும் இந்த ஊரு மண்ணையே மிதிக்கல. அவன் உள்ள. டெல்ஃபின் என் அடுப்படிய விட்டு நகர்றதில்ல. அவரு வெளிய."

"ஆமா."

"யாரு போட்ட கணக்கு இது?"

"கேள்வி கேக்காத. மூணு பேருக்கு உன் சம்பளம் போதும், நெருக்கிப் போதும். வருஷத்துல ரெண்டரை மாசம் பள்ளிக்கூடம் லீவு, பஸ்ஸும் லீவு, உன் சம்பளமும் லீவு. இருந்தாலும் போதும்." ஒனெய்தா பக்கத்தைத் திருப்பினாள். "இதுக்கு முன்னாடி வேற யாருக்காவது இதே ஃபாரம் போட்டிருக்கியா?"

"விர்ஹீலியோவுக்குப் போட்டேன். நான்தானே கூட்டிட்டு வந்தேன், எட்டு வருஷம் இருக்கும். அது முடிஞ்ச கதை."

"எப்படி முடிஞ்சுது?"

"கோர்ட்டுலதான் பிரிச்சு விட்டாங்களே."

"கோர்ட்டு பிரிச்சது கல்யாணத்த. கையெழுத்த யாரு பிரிச்சா?"

மினர்வா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். ஒனெய்தா நாலு விரலை நீட்டி விளக்கினாள். "அவன் இந்த ஊருக் குடிமகன் ஆகணும். இல்ல, வரி கட்டி பத்து வருஷம் வேலை பாத்திருக்கணும். இல்ல, கிரீன் கார்டத் திருப்பிக் குடுத்துட்டு ஊரோட போயிடணும். இல்ல, சாகணும். இந்த நாலுல ஒண்ணு நடக்கற வரைக்கும் உன் கையெழுத்து உயிரோட இருக்கும். அவன் உன் வீட்டுத் தலைதான். ரொம்ப சிம்பிள்."

"பத்து வருஷம் ஆகல."

"ஆகல."

"ஊருக்கும் போகல."

"போகல."

மினர்வா ஒனெய்தாவின் நாலாவது விரலையே பார்த்தாள்.

"நாலாவது பத்தி யோசிக்காத" என்றாள் ஒனெய்தா.

"சே, சே." சட்டென்று மினர்வாவின் முகம் மலர்ந்தது. "அக்கா! அவன்தான் குடிமகன் ஆயிட்டானே! ரெண்டரை வருஷம் முன்னாடி விருந்து போட்டானே, முழுப் பன்னி சுட்டு, கொடி போட்ட கேக்கு வெட்டி. நான் போகல. லிஸ்பெத்த அனுப்பினேன். ஒரு வாரத்துக்கு அவ பல்லு நீலமா இருந்துச்சு. அப்ப பழைய கணக்கு சைபர்! சைபர்னு எழுதுங்க!"

"கேக்கு சாட்சி சொல்லாது. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடற ஃபாரம் இது. சர்ட்டிபிகேட்ட என் கண்ணால பாக்கணும்."

"அது இல்லாம நாலுன்னு எழுதினா?"

"நாலு பேருக்கு உன் சம்பளம் பத்தாது. பாஸ்குவாலுக்கு விசா இல்ல. ரொம்ப சிம்பிள்."

மூன்றாவது தடவை. மினர்வா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தலை சுற்றல். அவளே துரத்திவிட்டவன் ஃபாரத்தில் வீட்டாள், கூப்பிட்டுச் சோறு போடுகிறவர்கள் அந்நியர்கள். காலையில் பஸ்ஸில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தட்டிக்கொண்டே வந்தவள், அடுத்த தலை வந்ததும் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். கீழே பனியில் நின்ற பெண், "நாலு, மினர்வா! நான் நாலு!" என்று கத்தின பிறகுதான் கை இறங்கியது. மறுநாள் நாலைத் தாண்டிக்கொண்டு நேரே அஞ்சுக்குப் போனாள். பிள்ளைகள் விடவில்லை. எல்லாரையும் கீழே இறங்கச் சொல்லி முதலிலிருந்து தட்ட வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். "பனி" என்று காரணம் சொன்னாள்.

சனிக்கிழமை விர்ஹீலியோ வந்து நிலைக்கு வெளியே வளைந்து நின்றான். இந்தத் தடவை அவள் சுவரிடம் பேசவில்லை. நேரே அவனைப் பார்த்தாள். அவன் பயந்து போய்ப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"உன் குடிமகன் சர்ட்டிபிகேட் ஒரு காப்பி வேணும்."

"எதுக்கு?"

"வேணும்."

"அது... வீட்டுல எங்கயோ..."

"தேடிக் குடு."

"வீட்டுல இல்ல. சட்டம் போடக் குடுத்திருக்கேன். கண்ணாடிச் சட்டம்."

"எந்தக் கடை? நான் போய் வாங்கிக்கறேன்."

"கடைக்காரரு ஊருக்குப் போயிருக்காரு."

"கடையையும் எடுத்துட்டுப் போயிட்டாரா?"

வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது, பாட்டிலை உடைத்தது நான் இல்லை, சீட்டில் சூயிங்கம் ஒட்டினது பேய், இப்படி எத்தனை முகத்தைப் பார்த்தவள் மினர்வா. அவளுக்கென்று ஒரு பஸ் குரல் உண்டு. கத்த மாட்டாள். தணித்துப் பேசுவாள். பின்கோடி வரைக்கும் கேட்கும்.

"விர்ஹீலியோ. மூஞ்சிய நிமித்து."

நிமிர்த்தினான். நிலையில் நங்கென்று இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். பரீட்சை பாஸ் செய்தது நிஜம். அந்த ஆபீஸர் அம்மா கைகூடக் கொடுத்தாளாம். உறுதிமொழி எடுக்கிற நாளைக்குக் கடிதம் வரும், வந்து கையைத் தூக்கிச் சொல்லிவிட்டால் முடிந்தது என்றாளாம். முடிந்தது என்கிற வார்த்தைதான் இவன் காதில் விழுந்திருக்கிறது. அந்த வாரமே பன்றி, கேக்கு, விருந்து. கடிதம் வரவேயில்லை. மாசக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் போய்க் கேட்டால், "ரெண்டு தடவை அனுப்பினோம், நீங்க வரல, ஃபைலை மூடியாச்சு" என்று சொல்லிவிட்டார்கள்.

"மறுபடி மனு போட வேண்டியதுதானே?"

"போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே. டெல்ஃபின் அந்தக் கொடியப் பிடிச்சுக்கிட்டு ஆடினத நீ பாக்கல. அவருகிட்ட போயி, 'அந்த ஆட்டம் செல்லாது'ன்னு எப்படிச் சொல்வேன்?"

"கடுதாசி ஏன் வரல? எந்த அட்ரஸ் குடுத்த?"

"இதுதான்."

"எது?"

"இந்த வீட்டு அட்ரஸ்தான். அப்ப எனக்கு வேற ஏது? ஒரு மாசம் மச்சான் வீட்டு சோபா, ஒரு மாசம் கூட்டாளி வீட்டு சோபா. சோபாவுக்கெல்லாம் தபால் வருமா?"

மினர்வாவுக்கு அந்தக் கவர்கள் ஞாபகம் வந்தன. வெள்ளைக் கவர். ஜன்னல் வைத்த கவர். ஜன்னலுக்குள்ளிருந்து அவன் பேர் எட்டிப் பார்த்தது. கோர்ட்டில் பிரித்து ஒன்றரை வருஷம் தாண்டியும் கோபம் ஆறாத காலம் அது. தடித்த பேனாவை எடுத்து, கவரின் முகத்திலேயே, "இந்த வீட்டில் இப்படி யாரும் இல்லை" என்று எழுதித் தபால்காரர் கையில் கொடுத்தது அவள்தான். ரெண்டாவது கவர் வந்தபோது அதையே எழுதி அடியில் கோடும் போட்டாள். அன்று சாயந்தரம் பெலீசியாவுக்குப் போன் போட்டு, "எழுதி விட்டேன் பாரு" என்று சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

"ம்" என்றாள் விர்ஹீலியோவிடம். விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்க் கரண்டியை எடுத்து அண்டாவைக் கிளறினாள். சனிக்கிழமை. அண்டாவில் ஒன்றும் இல்லை.

ஒனெய்தாவுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை. "சம்பளம் பத்தாட்டி என்ன? கூட ஒருத்தர் ஜாமீன் மாதிரி அவருக்குன்னு ஒரு ஃபாரம் போட்டாப் போச்சு. குடிமகன்தான்னு இல்ல, கிரீன் கார்டு இருந்தாலும் போதும். சம்பளம் வரணும், அவ்வளவுதான். உனக்குத்தான் ஞாயித்துக்கெழமை பதினொரு பேரு இருக்காங்களே."

ஞாயிற்றுக்கிழமை மினர்வா வழக்கத்தைவிட இறைச்சி அதிகமாகப் போட்டாள். எல்லாருக்கும் ஊற்றிவிட்டுக் கரண்டியோடு நடுவில் நின்று கேட்டாள். பாஸ்குவாலுக்காக ஒரு கையெழுத்து.

அண்டா கொதிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

பெலீசியா மார்பில் கைவைத்தாள். "என் ரத்தமே உனக்குத்தான் கண்ணு. கிட்னி கேளு, தர்றேன். ரெண்டு இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. உம்புருஷன் நாளைக்கு உன்னையே விட்டுட்டுப் போயிட்டாலும் நான் அவனக் கட்டிக்கிட்டு அழணுமாமே? என் புருஷனுக்கே நான் அப்படி எழுதித் தரல!" டெல்ஃபினுக்கு இருமல் வந்தது. முதலில் சின்ன இருமல். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் பெரிய இருமல். இருமிக்கொண்டே எழுந்து, இருமிக்கொண்டே படியேறி, மேல்மாடிக் கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் இருமினார். கிண்ணத்தை மட்டும் மறக்காமல் கையோடு எடுத்துப் போயிருந்தார். கீழ்வீட்டுக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்டாட்டி உத்தரத்தைப் பார்த்தாள். "இவருக்குக் கை நடுங்குது, நான் கண்ணாடி கொண்டு வரல" என்றாள். யாருக்கோ தெரிந்தவனாக வந்து பதினொன்றாவதாக உட்கார்ந்திருந்த அந்த ஆள் மட்டும் கையைத் தூக்கினான். "நான் போடறேன் அக்கா. மனசார போடறேன். ஆனா எனக்கே இன்னும் பேப்பர் இல்ல." மினர்வா அவனுக்கு இன்னொரு துண்டு கோழி போட்டாள்.

அன்றைக்கு அண்டாவில் மீந்துபோனது. அந்த வீட்டில் அது முதல் தடவை.

சாயந்தரம் போன் அடித்தது.

"இங்க மழை. அங்க?"

அவள் வானத்தை விட்டுவிட்டு, ஒருத்தரும் கையெழுத்துப் போடாத கதையைச் சொன்னாள். "மினர்வா, ரொம்பக் கஷ்டமா இருந்தா விட்டுடலாம். நீ வருஷத்துக்கு ஒரு தடவ வந்து போ. நான் இங்கயே..."

"வாய மூடு. செவ்வாக்கெழம தோறும் குப்பைத் தொட்டிய யாரு தெருவுக்கு இழுக்கறா தெரியுமா? நான். பனியில. சக்கரம் ஒடஞ்ச தொட்டி. நாலு வருஷமா. நீ ஆணி விக்கறவன்தானே, ஒரு சக்கரம் மாட்டத் தெரியாதா உனக்கு? நீ வரணும். வந்து சக்கரம் மாட்டி, இழுத்துட்டுப் போய் வெக்கணும். விட்டுடலாமாம்!"

எதிர்ப்பக்கத்தில் மழைச் சத்தம். பிறகு, "எந்த சைஸ் சக்கரம்?" என்று கேட்டான்.

அவள் போனை வைத்துவிட்டு மேஜையில் ஃபாரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் கட்டத்தில் பென்சிலால் நாலு என்று எழுதினாள், அழித்தாள். மூணு என்று எழுதினாள். மூணு என்பது பொய். நாலு என்பது பாஸ்குவாலுக்கு மோக்கா. அழித்து அழித்துக் காகிதம் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை விர்ஹீலியோ நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். லிஸ்பெத் இன்னும் ஒரு காலில்தான் காலுறை போட்டிருந்தாள். அவன் கையில் ஒரு பழுப்புக் கவர். இறைச்சிக் கடைக் கறை படாமல் இருக்க ரொட்டி வருகிற பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொண்டு வந்திருந்தான்.

"இது உனக்கு."

"என்ன இது?"

"ஒனெய்தா எழுதிக் குடுத்தா. கையெழுத்துப் போட்டாச்சு. உம்புருஷனுக்கு."

மினர்வா கவரைத் திறக்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"யாரு சொன்னா உங்கிட்ட?"

"யாரு சொல்லல? பெலீசியா அக்கா கடைக்கு வந்து, கால் கிலோ எலும்பு வாங்கிட்டு, முக்கால் மணி நேரம் சொன்னா." அவன் தொண்டையைச் செருமினான். "உன் வீட்டுல எத்தன பேருன்னு ஒனெய்தா கேட்டா. நான் ஒண்டிக்கட்ட, ஒண்ணுன்னேன். அப்படி இல்லியாம். பெத்த பிள்ளை எங்க இருந்தாலும் கணக்குல வருமாம். கையெழுத்துப் போடற ஆளும் வருவானாம். மூணுன்னு எழுதிட்டா. நானு, லிஸ்பெத்து, உம்புருஷன்." கொஞ்சம் யோசித்தான். "எங்க வீட்டுல நீ மட்டுந்தான் இல்ல."

மினர்வாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு? அவன் என்னை விட்டுட்டுப் போனாலும், நான் அவனத் துரத்திவிட்டாலும், நீதான் பொறுப்பு. நெனச்சுப் பாத்தியா?"

"தெரியும். நீ எனக்குப் போட்டதும் அதே ஃபாரம்தானே. துரத்திவிட்டும் இன்னும் உன் பொறுப்புலதானே இருக்கேன்."

அவள் கவரை மேஜைமேல் வைத்தாள். மறுபடி எடுத்தாள். பஸ் குரல் வரவில்லை. வேறு ஏதோ குரல் வந்தது.

"விர்ஹீலியோ. அந்தக் கடுதாசி. உறுதிமொழிக் கடுதாசி. அது இங்க..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆபீஸ்ல கவரக் காட்டினாங்க. ரெண்டையும் பின் பண்ணி ஃபைல்ல வெச்சிருந்தாங்க. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? ரெண்டாவதுல கோடு வேற."

"ரெண்டு வருஷமா தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா இங்க வந்து நின்னு காப்பி மணக்குது காப்பி மணக்குதுன்னுட்டு இருந்த? ஏன்டா கேக்கல?"

"என்னன்னு கேக்க? எழுதினது பொய்யா? நான் அப்ப இங்க இல்லதானே."

லிஸ்பெத் ரெண்டாவது காலுறையையும் போட்டுக்கொண்டு பையைத் தூக்கியபடி ஓடி வந்தாள். மினர்வாவின் கை வழக்கம்போல அவள் தலையில் விழுந்தது. மகள் நிலையைத் தாண்டிப் படியில் தடதடவென்று இறங்கினாள்.

"சரி, வர்றேன்" என்று விர்ஹீலியோ கிளம்பினான். போன வாரத்து இடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். நிலைக்கு வெளியே நிற்கிறவன் நிமிர்ந்தாலே போதும், ஆனாலும் குனிந்தான். முடி கொட்டத் தொடங்கியிருந்த உச்சி அவளுக்கு நேராக வந்தது. நடுவில் நிலை இடித்த இடம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

மினர்வா எட்டி ஒரு தட்டு தட்டினாள்.

"நாலு."